அஸ்திப் படகில் எண் சொல்வது

எங்கள் படகுக் குழுவை ஆரம்பித்தபோது அதற்கும் சாவு வீட்டுக்கும் சம்பந்தம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. சாவைத் தடுக்கத்தானே ஆரம்பித்தோம். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, பக்கிங்காம் கால்வாய் அகன்று உப்பங்கழியாகிக் கடலைத் தொடுகிற இடத்தில் ஒரு ஃபைபர் படகு, பனைமரங்களுக்குக் கீழே ஒரு தகரக் கொட்டகை, கொட்டகை நிறைய ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட். இவ்வளவுதான் குழுவின் சொத்து. யாருக்கும் சம்பளம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் டீயும் பன்னும் உண்டு.

நான் மறைமலைநகரில் கார் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் பாதுகாப்புப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். 'ஹெல்மெட் எங்கே, கையுறை எங்கே' என்று மற்றவர்களை அதட்டியே என் காலம் போயிற்று. ஓய்வு பெற்ற பிறகு அதட்ட ஆளில்லாமல் வாய் நமநமத்தது. வீட்டில் அதட்டிப் பார்த்தேன், எடுபடவில்லை. அந்த நேரத்தில்தான் திருப்போரூர்ப் பக்கம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருக்கும் நண்பர் ஒருவர், தன் பழைய மாணவன் ஒருவன் கழியில் மூழ்கிப் போனதைச் சொல்லி, ஏதாவது செய்யலாமா என்று கேட்டார். இருவரும் சேர்ந்தோம். மூன்றாவது ஆள் பக்கத்து மீனவக் குப்பத்துக்காரர். கடலுக்குப் போய்வந்த நேரம் போக எங்கள் படகை ஓட்டினார்.

ஜாக்கெட்டைக் கொடுப்பது சுலபம், போடவைப்பதுதான் கஷ்டம். குப்பத்து வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு ஒரு மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் பீரோவின் மேல் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். "புச்சு சார், அய்க்காயிடும்" என்பார்கள். புது சோபாவின் உறையை வருஷக்கணக்கில் பிரிக்காத ஜனம்தானே நாம், ஜாக்கெட்டை மட்டும் பிரித்துவிடுவோமா? பிரித்த வீடுகளில் அது தலையணையாகி இருக்கும். படகோட்டியே போட மாட்டேன் என்றுதான் முதலில் சொன்னார். "இத்த மாட்டிக்கினு வல இஸ்தா, கொக்கில கண்ணி சிக்கி என்னியும் சேத்து இஸ்துகினு பூடும் அண்ணாத்த." அது நியாயமான பேச்சு. என் மனைவி அந்தக் கொக்கிகளின் மேல் மடிப்பு வைத்துத் துணி தைத்துக் கொடுத்தாள். அப்புறம் அவர் என் எதிரிலாவது போட்டுக்கொண்டார்.

அவள் படகில் ஒரு தடவைகூட ஏறியதில்லை. ஆனால் குழுவின் ஜாக்கெட் எல்லாம் எங்கள் மொட்டை மாடியில்தான் காய்ந்தன. உப்பும் சேறும் சேர்ந்த நாற்றம் படி இறங்கி வந்து சமையலறை வரைக்கும் நிற்கும். பக்கத்து வீட்டுப் பெண்களிடம் அவள் சொல்வாள்: "ஊர்ல பொண்டாட்டிங்கல்லாம் புருஷன் ஜாக்கெட் எடுத்துக் குடுக்கலன்னு சண்ட போடுவாங்க. எங்க வூட்ல பாரு, மாடி பூரா ஜாக்கெட்டு. ஒண்ணாவது எனக்கு ஆவுமா?" விசில் அறுந்திருந்தால் விசில் கட்டுவாள், பட்டை இற்றிருந்தால் மாற்றித் தைப்பாள். பாராட்டினால் பிடிக்காது. தையல் மிஷினின் சத்தத்தைக் கூட்டிவிடுவாள்.

அஸ்தி கரைக்கிற வேலை எங்களிடம் எப்படி வந்து சேர்ந்தது என்று சரியாக நினைவில்லை. தெரிந்தவர் யாருக்கோ உதவியாக ஒரு தடவை படகு விட்டோம். அதன் பிறகு செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் என்று பல பக்கத்திலிருந்தும் வேன் பிடித்து வர ஆரம்பித்துவிட்டார்கள். கரையில் நின்று கரைத்தால் அலை எல்லாவற்றையும் திருப்பிக்கொண்டு வந்து காலடியிலேயே போடுகிறது. அது யாருக்கும் மனசு ஒப்பவில்லை. கழியின் நடுவில், முகத்துவாரத்தை நோக்கித் தண்ணீர் இழுக்கிற இடத்தில் கலயத்தை விட்டால் அது பாட்டுக்குக் கடலுக்குப் போய்விடும்.

பாதுகாப்பு என்ற கணக்கில் இவர்களைவிட மோசமான பயணி கிடையாது. செல்ஃபி எடுக்கப் படகில் எழுந்து நிற்கும் சுற்றுலாக்காரனை அதட்டி உட்காரவைக்கலாம். துக்கக்காரனை என்னவென்று அதட்டுவது? தூங்காமல், சாப்பிடாமல், மழித்த தலையும் ஈர வேட்டியுமாக வந்து நிற்பான். கலயத்தை விடுகிறபோது எல்லோரும் ஒரே பக்கமாக எட்டிப் பார்ப்பார்கள், படகும் அவர்களோடு சேர்ந்து எட்டிப் பார்க்கும். எல்லாவற்றையும்விடப் பெரிய தகராறு ஜாக்கெட்டில்தான். காரியம் செய்கிறவன் மேலுக்கு ஒன்றும் போடக்கூடாது, வெறும் உடம்பாகத்தான் இருக்கவேண்டும். அந்த மார்பில் ஆரஞ்சு ஜாக்கெட்டை மாட்டு என்றால் கூட வந்த பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? "இன்னாய்யா, கொள்ளி வச்சவனுக்குக் கலர் சட்ட மாட்டி வேடிக்க பாக்குறியா?" என்று ஒருவர் என் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார். நான் அசையவில்லை. ஜாக்கெட் இல்லையென்றால் படகு இல்லை. கடைசியில் ஒரு சமரசத்துக்கு வந்தோம். வெறும் உடம்பின் மேல் ஜாக்கெட், ஜாக்கெட்டின் மேல் ஈரத்துண்டு. துண்டைப் போர்த்திவிட்டால் பெரியவர்கள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார்கள்.

தொழிற்சாலையிலிருந்து நான் கொண்டுவந்த இன்னொரு பழக்கம் எண் சொல்வது. படகில் ஏறியதும் படகோட்டி நீங்கலாக முன்பக்கத்திலிருந்து ஆளுக்கு ஓர் எண். படகு எங்கே திரும்பினாலும் முன்னால் இருப்பவர் 'ஒண்ணு' என்று ஆரம்பிக்க வேண்டும், அடுத்தடுத்தவர் சொல்லிக்கொண்டே போகவேண்டும். எஞ்சின் சத்தத்தில் கத்தித்தான் சொல்லமுடியும். அஸ்திப் படகிலும் சொல்லவைத்தேன். விசும்பிக்கொண்டே 'மூணு' என்பார்கள். மாஸ்டருக்கு இது கொஞ்சம் அதிகப்படி என்று எண்ணம். நான் விட்டுக்கொடுக்கவில்லை.

கலயத்தை விட்டாயிற்று என்றால் அப்புறம் யாரும் திரும்பிப் பார்க்கக்கூடாது. இந்தப் பக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த வழக்கம் அது. படகு கரைப்பக்கம் திரும்பியதும் எல்லாக் கழுத்தும் விறைத்துக்கொள்ளும். படகோட்டியும் அப்படித்தான், கரையை மட்டும் பார்த்து ஓட்டுவார். ஒருவரும் அசையமாட்டார்கள், படகு ஆடாது. எனக்கு மிகவும் பிடித்த கட்டம் அது. இவர்களைப் போலப் பயணி அமையுமா என்று மாஸ்டரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் என் மனைவி இறந்துபோனாள். காய்ச்சல் என்று படுத்தாள். ரத்தத்தில் கிருமி பரவிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக்கு நடந்து போனவள் வண்டியில்தான் திரும்பி வந்தாள்.

எனக்கு அழுகை வரவில்லை. அழுகையை அடக்கினேன் என்று சொன்னால் பொய். அடக்குவதற்கு உள்ளே ஒன்றும் இல்லை. பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்த்தால் வேறு யாருடைய கன்னமோ போல இருக்குமே, எனக்கு உடம்பு முழுக்க அப்படி இருந்தது. யார் யாரோ வந்து கையைப் பிடித்தார்கள். பிடிக்கட்டும் என்று கொடுத்தேன். காபி கொடுத்தார்கள், குடித்தேன். ஃப்ரீசர் பெட்டிக்கு இழுத்திருந்த ஒயர் ஈரத் தரையில் கிடந்ததைப் பார்த்து, பந்தல்காரரைக் கூப்பிட்டு அதை மேலே தூக்கிக் கட்டச் சொன்னேன்.

அதை என் மச்சான் பார்த்துவிட்டான். அவளுடைய தம்பி. அவர்களுடைய அம்மா சாகும்போது அவன் கைக்குழந்தை, அக்காதான் தூக்கி வளர்த்தாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவளோடு அவனும் என் வீட்டுக்கு வந்துவிட்டான். எங்களுக்குப் பிள்ளை பிறக்கவில்லை, அந்த இடத்தில் அவன்தான் வளர்ந்தான். இப்போது கம்பெனி பஸ் ஓட்டுகிறான், மறைமலைநகரில் தனிக் குடித்தனம், பெண்டாட்டி பிள்ளைகள் இருக்கிறார்கள். அன்று பந்தலில் எல்லோர் எதிரிலும் கேட்டான்: "எங்கக்கா பொணமா கெடக்குது. நீங்க ஒயரப் பாத்துகினு கீறீங்க. ஒரு சொட்டு கண்ணீர் வருதா மாமா உங்களுக்கு?" அவன் கேட்டது சரியான கேள்வி என்று மட்டும் தோன்றியது. ஒயரும் ஆபத்தான இடத்தில்தான் கிடந்தது.

மறுநாள் சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு, அஸ்திக் கலயத்தை எடுத்துக்கொண்டு காலையிலேயே கழிக்கு வந்தோம். வேறு எங்கே போவது? வெள்ளைத் துணியால் வாய் கட்டிய கலயத்தை நான் மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். என் மனைவியின் அக்காவும் மற்றப் பெண்களும் கரையில் கொட்டகையடியில் நின்றார்கள். படகில் முன்னால் நான், அடுத்து அவளுடைய சித்தப்பா, சடங்கு எல்லாம் அறிந்தவர். பிறகு மாஸ்டர், அவருக்கு அடுத்து மச்சானுக்கு இடம், எஞ்சினில் படகோட்டி.

சித்தப்பா என் வெறும் உடம்பையும் கொட்டகையையும் மாறி மாறிப் பார்த்தார். "மாப்ள, உங்களுக்குமா?" என்றார். நான் பேசுமுன் படகோட்டி ஒரு ஜாக்கெட்டை எடுத்து என்னிடம் நீட்டினார். "எல்லாரையும் மாட்ட வச்சல்ல அண்ணாத்த. மாட்டிகினு ஏறு." மாட்டினேன். முந்தின நாள் ஈரம் காயாமல் மார்பில் சில்லென்று ஒட்டியது. மேலே துண்டைப் போட்டார்கள்.

மச்சான் போட மாட்டேன் என்றான். "அக்காவே பூட்ச்சி. நான் மெதந்து இன்னா பண்ணப் போறேன்?" ஜாக்கெட்டைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு, என் பக்கமே வராமல், எஞ்சினுக்கும் பின்னால் படகின் கடைசி ஓரத்தில் போய் உட்கார்ந்தான். அங்கே யாரும் உட்காரக்கூடாது என்பது எங்கள் விதி. படகோட்டி என்னைப் பார்த்து, "இன்னிக்கி வுடு அண்ணாத்த, அய்துகினு கீது புள்ள" என்றார். சரியென்று நான் அவனிடம் போய்க் குனிந்து, ஜாக்கெட்டைக் கைகளில் நுழைத்து, வயிற்றுப் பட்டையை இழுத்து மாட்டினேன். அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன்மேல் எனக்கு அக்கறையோ கோபமோ எதுவும் இல்லை. ஜாக்கெட் திறந்து கிடந்தால் என் கை தானாகப் போய் மூடும். கொக்கி விழுந்த சத்தம் கேட்டதும் என் இடத்துக்கு வந்துவிட்டேன்.

படகு கிளம்பித் திரும்பியது. "ஒண்ணு" என்றேன். சித்தப்பா முனகலாக ரெண்டு என்றார். மாஸ்டர் மூணு. பின்னாலிருந்து மச்சான் எரிச்சலோடு "நாலு" என்று கத்தினான்.

கழியின் நடுவில் எஞ்சினை நிறுத்தினார்கள். மழைத் தண்ணீர் கலங்கலாகக் கடலை நோக்கி வேகமாக இழுத்துக்கொண்டிருந்தது. முகத்துவாரத்தில் அலை உடைகிற சத்தம் கேட்டது. சித்தப்பா சொல்லச் சொல்லக் கற்பூரம் காட்டினேன், பூவைப் போட்டேன், கலயத்தைத் தண்ணீரில் வைத்துக் கையை எடுத்தேன். முப்பது வருஷத்துக்கு மேல் கூட இருந்தவள். போய் வா என்றுகூட எனக்குச் சொல்லத் தோன்றவில்லை. படகு ஒரு பக்கம் சாய்கிறதே, எல்லோரும் நடுவில் உட்காருங்கள் என்று சொன்னேன்.

"ஆச்சு. யாரும் திரும்பாதீங்க" என்றார் சித்தப்பா. "படகு ஓட்றவரே, உங்களுக்கும் சேத்துத்தான்."

எஞ்சின் எடுத்தது. படகு வளைந்து கரைப்பக்கம் திரும்புகையில் முகத்துவாரத்துப் பக்கமிருந்து வந்த அலை ஒன்று எங்களைத் தூக்கிப் போட்டது. பிறகு நேராகிவிட்டது. எல்லோரும் கரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். கொட்டகையடியில் பெண்கள் சின்னதாகத் தெரிந்தார்கள்.

"ஒண்ணு" என்றேன்.

"இப்பவுமா மாப்ள? ரெண்டு."

"மூணு" என்றார் மாஸ்டர்.

அப்புறம் எஞ்சின் சத்தம் மட்டும்தான். மறுபடியும் ஒண்ணு என்று கத்தினேன். ரெண்டு, மூணு வந்தது. நாலு வரவில்லை. "அய்துகினு இருப்பான், வுடுங்க. திரும்பாதீங்க மாப்ள" என்றார் சித்தப்பா. மாஸ்டர் விளையாட்டு மைதானத்தில் ஆயிரம் பிள்ளைகளை ஒரே பார்வையில் அடக்குகிறவர், அவர் கழுத்தையே அசைக்கவில்லை. "பின்னாடிதான் குந்திகினு கீது" என்றார் படகோட்டி. அவரும் பார்க்காமல்தான் சொன்னார். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒருவன் இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் நான்கு பெரிய மனிதர்கள் கரையைப் பார்த்தபடி போய்க்கொண்டிருந்தோம்.

நான் திரும்பினேன்.

படகோட்டிக்குப் பின்னால் யாரும் இல்லை. அதற்கப்பால் கலங்கல் தண்ணீரில், நாங்கள் வந்த வழியில் வெகுதூரத்தில், ஆரஞ்சு நிறம் ஒன்று ஏறி இறங்கியது. ஒரு கை மேலே வந்தது. தண்ணீர் அவனை முகத்துவாரத்துக்கு இழுத்துக்கொண்டிருந்தது.

அந்தக் கணத்தில் எனக்கு வந்தது பயம். அவள் ஆஸ்பத்திரிக்குப் போன நாளிலிருந்து எனக்கு வந்த முதல் உணர்ச்சி அதுதான். சித்தப்பாவையும் மாஸ்டரையும் தாண்டிப் போய்ப் படகோட்டியின் தோளில் அடித்தேன். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு ஒரு கெட்ட வார்த்தை சொல்லிப் படகை ஒடித்துத் திருப்பினார். "போச்சு, எல்லாம் போச்சு" என்று சித்தப்பா தலையில் கை வைத்துக்கொண்டார். வழக்கம் கெட்டுப்போனதைச் சொன்னாரா, பையனைச் சொன்னாரா என்று தெரியவில்லை.

நாங்கள் போட்ட பூவின் மேலேயே படகு திரும்பிப் போயிற்று. கலயம் இன்னும் முழுகவில்லை. வாயில் கட்டிய துணி ஈரமாகி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மிதந்து போய்க்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே தாண்டிப் போனேன். அலை உடைகிற இடத்துக்கு முன்னால் படகோட்டி எஞ்சினை நிறுத்த, மாஸ்டர் மூங்கில் கம்பை நீட்டினார். அவன் பிடித்துக்கொண்டான். நான் ஜாக்கெட்டின் தோள்பட்டையைப் பிடித்து இழுத்தேன். அவள் போட்ட தையல் தாங்கியது. அவன் படகுக்குள் விழுந்து, குடித்த தண்ணீரையெல்லாம் கக்கிவிட்டு, என் கால்களைக் கட்டிக்கொண்டு கிடந்தான்.

"அக்கா போறத ஒரு தபா பாத்துக்கலாம்னு எய்ந்து நின்னேன் மாமா" என்றான். "கூப்புட்டுகினே இருந்தேன். யாருமே திரும்பல மாமா."

நான் அவன் தலையைப் பிடித்துக்கொண்டேன். தலை சூடாக இருந்தது.

கரையில் இறங்கியதும் பெண்கள் ஓடிவந்தார்கள். மச்சானை உட்காரவைத்துத் துடைத்துவிட்டார்கள், யாரோ டீ வாங்க ஓடினார்கள். அவன் நன்றாக இருக்கிறான் என்று தெரிந்த பிறகு என் மனைவியின் அக்கா என்னிடம் வந்தாள். சித்தப்பா அதற்குள் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார்.

"கலயத்தப் பாத்துட்டியா தம்பி?"

"பாத்தேன்க்கா."

"உசுரு போறப்ப பாக்காம இருக்க முடியாதுதான். ஒன்ன தப்பு சொல்லல." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "ஆனா திரும்பிப் பாத்தா அவுங்க போமாட்டாங்க தம்பி. பின்னாலயே வூட்டுக்கு வந்துருவாங்க. ஒன் கூடவே இருந்துருவா அவ. ஐயருகிட்ட கேட்டு எதுனா பரிகாரம் பண்ணணும்."

நான் ஜாக்கெட்டின் கொக்கியைக் கழற்றப் பார்த்தேன். ஊருக்கெல்லாம் கழற்றக் கற்றுக்கொடுத்த விரல்களுக்கு அன்று அது வரவில்லை. முகமெல்லாம் ஈரமாக இருந்தது. கழித் தண்ணீர் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"வரட்டும்க்கா" என்றேன். "வூட்ல யாரும் இல்ல."